கபடி ஊரில் ரக்பி விசில்

ரக்பி நடுவராக ஆசைப்படுகிறவர் முதலில் தேடுவது சட்டப் புத்தகத்தை. தேடட்டும். மொத்தம் 21 சட்டங்கள், உலக ரக்பி அமைப்பின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு பள்ளி கிரவுண்டில் விசில் ஊதப் போகிறவருக்கு அந்த 21-இல் ஒன்று மட்டும் பாதி வேலையைத் தின்றுவிடும். 14-ஆவது சட்டம், டேக்கிள்: பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்துத் தரைக்குக் கொண்டுவருவது.

இந்தப் பக்கம் ரக்பிக்கு வருகிற பிள்ளைகளில் நிறையப் பேர் கபடி ஆடி வளர்ந்தவர்கள். மோதப் பயமில்லை, கால் பிடிக்கத் தெரியும், அடிபடாமல் விழத் தெரியும். பயிற்சியாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நடுவருக்குத்தான் சிக்கல். கபடியில் பிடித்தவன் விசில் வரும்வரை விடக்கூடாது. ரக்பியில் ஆள் தரையில் விழுந்ததுமே விட்டாக வேண்டும். பத்து வருடம் பழகிய கை ஒரே வாரத்தில் மாறாது. அதனால் இங்கே நடக்கும் ஆட்டங்களில் பெனால்டி எங்கிருந்து வரும் என்பதை விசில் ஊதுவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

கபடிப் பிடி ஒவ்வொன்றையும் ரக்பி சட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கிள் ஹோல்டு, அதாவது கணுக்கால் பிடி, கையால் செய்தால் இங்கும் சரிதான். காலால் இடறினால் பெனால்டி. தொடையைக் கட்டிப் பிடிப்பது நல்ல டேக்கிள். பிடித்த வேகத்தில் ஆளைத் தூக்கி, தலையோ தோளோ முதலில் தரையில் படும்படி போட்டால் அட்டைதான், பெரும்பாலும் சிவப்பு. டேஷ் இருக்கிறதே, ரைடரைத் தோளால் இடித்துக் கோட்டுக்கு வெளியே தள்ளுவது, அது ரக்பியில் கூடவே கூடாது. கையால் கட்டிப் பிடிக்க முயலாமல் மோதினாலே ஆபத்தான ஆட்டம். பந்தோடு ஓடுகிறவன் டச் லைன் எனும் பக்கக்கோட்டின் ஓரமாக வரும்போது பழைய டேஷ் தானாக வெளியே வரும். அந்த ஓரத்தில் உங்கள் கண் பந்தில் இருக்கக்கூடாது, தடுக்க வருகிறவனின் கையில் இருக்க வேண்டும்.

ரைடர் பழக்கமும் கூடவே வரும். பிடிபட்டு விழுந்த பிறகும் நடுக்கோட்டைத் தொட உடம்பை நீட்டுவது கபடியில் புள்ளி. ரக்பியில் டேக்கிள் ஆனவன் தவழ்ந்தோ, முழங்காலால் உந்தியோ முன்னே போனால் பெனால்டி. ஆனால் விழுந்த உடனே, ஒரே அசைவில் கையை நீட்டிப் பந்தைக் கோல் லைனில் வைத்தால் அது டிரை, அதாவது புள்ளி. விழுந்த வேகத்திலேயே சறுக்கிக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டினாலும் டிரைதான். நீட்டியதா, தவழ்ந்ததா என்பதுதான் கேள்வி. ஆள் விழுந்து ஒரு கணம் நின்று, பிறகு கிளம்பினானா என்று பாருங்கள். நின்று கிளம்பியிருந்தால் இரண்டாவது அசைவு.

டேக்கிள் என்று எதைச் சொல்வது என்பதிலும் தடுமாறுகிறார்கள். இரண்டும் சேர வேண்டும்: பந்து வைத்திருப்பவன் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும், தரைக்கும் வந்திருக்க வேண்டும். ஒரு முழங்கால் தரையில் பட்டாலே தரைக்கு வந்ததாகக் கணக்கு. வழுக்கி விழுந்தவனை யாரும் பிடிக்கவில்லை என்றால் டேக்கிள் இல்லை. கணுக்காலைத் தட்டிவிட்டதில் விழுந்து, பிடி இல்லாமல் கிடப்பவனும் அப்படித்தான், எழுந்து ஓடலாம். கபடி நடுவராக இருந்து ரக்பிக்கு வருகிறவர்கள் ஆள் விழுந்ததும் விசிலை வாயில் வைத்துவிடுகிறார்கள். ரக்பி அங்கேதான் தொடங்குகிறது.

ஆள் விழுந்த பிறகு பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. அதை மாற்றாதீர்கள். முதலில் பிடித்தவன்: விட்டானா, விலகினானா? அடுத்து விழுந்தவன்: பந்தை உடனே வைத்தானா, தள்ளினானா, கொடுத்தானா? மூன்றாவது, உதவிக்கு ஓடி வருகிறவர்கள்: தங்கள் கோல் லைன் பக்கமிருந்து வருகிறார்களா, காலில் நிற்கிறார்களா? கடைசியாக ஆஃப்சைடு: நிற்கக்கூடாத இடத்தில் யாராவது முன்னால் நிற்கிறார்களா? புது நடுவர்கள் இதைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள். விழுந்தவன் பந்தை விடவில்லை என்று முதலில் ஊதிவிடுவார்கள். அவன் விடாததற்குக் காரணம் பிடித்தவன் இன்னும் அவன் கையைக் கட்டிக்கொண்டு கிடப்பதுதான் என்பது கண்ணில் படாது. முதலில் குற்றம் செய்தவன் தப்பிக்க, இரண்டாமவன் மாட்டுவான். ஓர் அணி இதை இரண்டு முறை பார்த்தால் போதும், மூன்றாவது முறை முழங்கையால் நியாயம் தேடும்.

ஓடி வந்து, காலில் நின்றபடி, எதிரணி வந்து சேர்வதற்கு முன் பந்தில் கை வைத்தவனுக்கு உரிமை உண்டு. அதற்குப் பிறகு ரக் உருவானாலும் அவன் கையை எடுக்கத் தேவையில்லை. இரு அணியிலும் குறைந்தது ஒருவர் காலில் நின்று, தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் ஒருவரை ஒருவர் தொட்டால் ரக். அதன் பின் புதிதாக வருகிறவன் கை வைத்தால் பெனால்டி. அப்படிக் குனிந்து பந்தில் கை வைத்திருப்பவனைக் கழுத்திலோ இடுப்பிலோ கட்டி உருட்டி, அவன் கால் மேல் தன் உடம்பைப் போடுவதை 2024 ஜூலையிலிருந்து சட்டம் தடை செய்துவிட்டது. முழங்கால் போய்விடும் என்பதுதான் காரணம். மல்யுத்தம், கபடி இரண்டும் தெரிந்த பையனுக்கு இந்த உருட்டு இயல்பாக வரும். ஆட்டத்துக்கு முன்பே கேப்டன்களிடம் சொல்லிவிடுங்கள்.

எங்கே நிற்பது? டேக்கிள் நடந்த இடத்துக்குக் கிட்டே போய், விட்டார்களா என்று பார்க்கும்வரை இரண்டு மூன்று மீட்டரில் நில்லுங்கள். பந்து யாருக்கு என்று தெளிவானதும் ஒரு பக்கமாக விலகி, தடுக்கும் அணியின் வரிசையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளுங்கள். ரக்கின் கடைசிக் காலுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்பது அங்கிருந்துதான் தெரியும். பந்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆஃப்சைடு ஒன்றுகூடப் பிடிபடாது. கோல் லைனுக்கு 5 மீட்டருக்குள் ஆட்டம் வந்துவிட்டால் பந்துக்கு முன்பாக நீங்கள் கோட்டுக்குப் போய்விட வேண்டும். பின்னாலிருந்து பார்த்து டிரை கொடுப்பது ஊகம்.

ஊகத்துக்கு இன்னொரு இடம், ரக்பியில் குற்றமான முன்பக்கப் பாஸ். பந்து தரையில் எங்கே விழுந்தது என்று பார்க்காதீர்கள், கையை விட்டு எந்தத் திசையில் கிளம்பியது என்று பாருங்கள். வேகமாக ஓடுகிறவன் பின்பக்கம் போட்ட பந்துகூட அவன் வேகத்தைச் சுமந்துகொண்டு சற்று முன்னே போய் விழும். அது குற்றமில்லை. பார்வையாளர்கள் கத்துவார்கள், கத்தட்டும்.

கோடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொடி பிடிக்க நிற்கும் பையன் பெரும்பாலும் கால்பந்துக்காரன். பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே என்று அவன் நம்புகிறான். ரக்பியில் டச் லைனே வெளிப்பகுதி. பந்து வைத்திருப்பவனின் பூட்ஸ் சுண்ணாம்பை உரசினாலும் வெளியே. கோல் லைன் இதற்கு நேர்மாறு: கோடே அதற்குப் பின்னால் டிரை வைக்கும் பகுதியான இன்-கோலைச் சேர்ந்தது, கோட்டின் மேல் பந்தை வைத்தால் டிரை. அதற்கும் பின்னால் இருக்கும் டெட் பால் லைன் மறுபடியும் வெளியே. மூலைக் கொடிக்கம்பத்தில் உடம்பு பட்டால் ஆட்டம் தொடரும். பந்தைக் கம்பத்தின் மேல் அழுத்தினால்தான் வெளியே போனதாகும். கொடி பிடிப்பவர்களுக்கு இந்த நான்கையும் ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் கோட்டில் நிற்க வைத்துக் காட்டுங்கள்.

இனி கிரவுண்ட். சட்டப்படி ஆடுகளம் கோல் லைனுக்குக் கோல் லைன் 94 முதல் 100 மீட்டர், அகலம் 68 முதல் 70 மீட்டர், இன்-கோல் குறைந்தது 6 மீட்டர். வழக்கமான 400 மீட்டர் டிராக்கின் உள்வட்டம் ஏறத்தாழ 73 மீட்டர் அகலம். அதற்குள் 94-க்கு 68 என்று கோடு போட்டு, இருபக்கமும் 6 மீட்டர் இன்-கோல் வைத்தால் கணக்குப்படி அடங்கிவிடும். ஆனால் பக்கக்கோட்டிலிருந்து டிராக்கின் ஓரக்கல்லுக்கு இரண்டரை மீட்டர்தான் மிஞ்சும், மூலைகளில் அதைவிடக் குறைவு. முழு வேகத்தில் வெளியே தள்ளப்படும் பையன் அந்த சிமெண்ட் விளிம்பில் விழுவான். சுற்றிலும் 5 மீட்டர் வெற்றிடம் விட வேண்டும் என்பது பொதுவான அளவு. எனவே உள்ளூர் ஆட்டத்துக்கு, இரு அணியும் ஒப்புக்கொண்டால், அகலத்தை 63-க்குக் குறைப்பதே புத்தி. களம் ஆபத்தாக இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கக்கூடாது என்று முதல் சட்டமே நடுவருக்குச் சொல்கிறது. போட்டி நடத்துகிறவர் முகம் சுளிப்பார் என்பதற்காக அந்தப் பொறுப்பை விட்டுக்கொடுக்கக் கூடாது.

நம் பள்ளி கிரவுண்டுகளில் பார்க்க வேண்டியவை புத்தகத்தில் இல்லை. நடுவில் சிமெண்ட் கிரிக்கெட் பிட்ச் இருக்கும். மேலே மேட் விரித்தால் போதும் என்பார்கள், போதாது. களத்தை நகர்த்துங்கள், முடியாவிட்டால் ஆளை வீழ்த்தாமல் கையால் தொட்டாலே போதும் என்கிற டச் ரக்பி ஆடவிடுங்கள். வாலிபால் கம்பம் நட்ட குழி, கோகோ கம்பத்தின் அடி, மழை நீர் அரித்த ஓடை, நெருஞ்சி முள், உடைந்த பாட்டில். செம்மண் வெயிலில் காய்ந்தால் தரை பாறையாகிவிடும். முதல்நாள் சாயங்காலம் டேங்கர் தண்ணீர் அடித்து ஊறவிட்டால் காலையில் பதமாக இருக்கும். காலையிலேயே அடித்தால் மேலே சேறு, கீழே கல். கோடு போடச் சுண்ணாம்புத் தூளைக் கொட்டுகிறார்கள். கபடிக்கே அது நல்லதல்ல, முகம் தரையில் உரசும் ரக்பிக்கு நிச்சயம் ஆகாது. கண்ணில் பட்டால் வெந்துவிடும். சாக்பீஸ் மாவு, இல்லையென்றால் தண்ணீரில் கரையும் பெயிண்ட்.

ரக்பி கோல் கம்பம் 5.6 மீட்டர் இடைவெளி, குறுக்குக் கம்பம் 3 மீட்டர் உயரம். இங்கே இருப்பது கால்பந்து கோல், இல்லாவிட்டால் எதுவுமில்லை. கால்பந்து கோலில் மூங்கிலைக் கயிற்றால் கட்டி உயர்த்துவது வேண்டாம், அவிழ்ந்து தலையில் விழும். கன்வர்ஷன் (டிரைக்குப் பின் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) இல்லை, டிரை மட்டும் கணக்கு என்று போட்டி விதியில் முன்பே எழுதிவிடலாம். கம்பம் எதுவாக இருந்தாலும் ஆள் உயரத்துக்குப் பழைய மெத்தை சுற்றிக் கட்டாமல் ஆட்டம் தொடங்காதீர்கள்.

நடுவர் ஆகும் வழி என்ன என்று இப்போது கேட்கலாம். உலக ரக்பி அமைப்பின் பாஸ்போர்ட் தளத்தில் கணக்குத் தொடங்கி, சட்டத் தேர்வு, ரக்பி ரெடி என்ற பாதுகாப்புப் பாடம், தலைக்காயம் பற்றிய பாடம் மூன்றையும் முடியுங்கள். மூன்றும் இலவசம். பிறகு லெவல் 1 நடுவர் பயிற்சி, இது நேரில் போய்ச் செய்வது, இந்திய ரக்பி அமைப்பும் மாநிலச் சங்கமும் வழியாக வரும். இடைப்பட்ட காலத்தில் சும்மா இருக்க வேண்டாம். கொடி பிடியுங்கள், 14 வயதுக்குட்பட்டோரின் டச் ரக்பிக்கு விசில் ஊதுங்கள். ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். அங்கே கிளப் ஆட்டங்களைப் போய்ப் பாருங்கள், ஆனால் பந்தை விட்டு நடுவரை மட்டும் பாருங்கள். தருமபுரியிலிருந்தும் அதிகாலை பஸ் பிடித்தால் ஒரே நாளில் போய் வரலாம்.

ஓட்டம் வேண்டும். பிராங்கோ என்றொரு சோதனை: 20 மீட்டர் போய்த் திரும்பு, 40 போய்த் திரும்பு, 60 போய்த் திரும்பு, இது ஒரு சுற்று, 240 மீட்டர். நிற்காமல் ஐந்து சுற்று, மொத்தம் 1200. உள்ளூர் செவன்ஸ், அதாவது ஏழு பேர் ஆட்டம், ஊதுகிறவர் ஆறு நிமிடத்துக்குள் முடித்தால் சமாளிக்கலாம் என்பது என் மதிப்பீடு. நேர் ஓட்டம் மட்டும் பழகியவர்கள் இதில் திணறுவார்கள். ஆட்டத்தில் மூச்சு வாங்குவதும் அந்தத் திரும்பல்களில்தான்.

கையில் இருக்க வேண்டியவை: இரண்டு விசில், இரண்டு வாட்ச், நாணயம், மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் தனித்தனிப் பையில், ஸ்கோர் கார்டு, பென்சில். பேனா வேண்டாம், வியர்வையில் மை ஊறிவிடும். விசிலைக் கழுத்தில் மாட்டாமல் விரலில் மாட்டுங்கள். கையிலிருந்து வாய்க்குப் போகும் அந்த அரை நொடியில் சில விசில்களை ஊதத் தேவையில்லாமலே போகும்.

நம் ஊரில் நீங்கள் அதிகம் ஊதப்போவது செவன்ஸ்தான். பாதிக்கு 7 நிமிடம், இடைவேளை 2 நிமிடம், மஞ்சள் அட்டைக்கு 2 நிமிடம் வெளியே. பதினைந்து பேர் ஆட்டத்தில் அது 10 நிமிடம். செவன்ஸில் புள்ளி எடுத்த அணியே மறுபடி பந்தை உதைத்துத் தொடங்கும், கன்வர்ஷன் டிராப் கிக்காகத்தான், அதாவது பந்தைத் தரையில் விட்டு எழும்போது உதைப்பது. 14 நிமிட ஆட்டத்தில் 2 நிமிடம் ஆள் குறைந்தால் இரண்டு டிரைகூடப் போகலாம். அதனால் புது நடுவர்கள் மஞ்சளை எடுக்கக் கூசுகிறார்கள். கூசி விட்டால் அடுத்த ஆட்டத்தில் அதே ஆள் அதையே செய்வான்.

ஆட்டத்துக்கு முன் உடை பரிசோதனை. பூட்ஸ் ஆணி 21 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, ஓட்டப்பந்தய ஸ்பைக்ஸ் அறவே கூடாது. மோதிரம், கம்மல், கொலுசு, செம்புக் காப்பு எல்லாம் கழற்ற வேண்டும். சாமி கயிறு என்றால் கழற்ற மறுப்பார்கள். வாக்குவாதம் வேண்டாம், விரல் நுழையாதபடி டேப்பால் இறுக்கமாகச் சுற்றச் சொல்லுங்கள். நகத்தைப் பாருங்கள். இதையெல்லாம் வரிசையில் நிற்க வைத்து மிரட்டாமல் செய்யலாம்: “தம்பி, கையக் காட்டுங்க” என்றால் காட்டிவிடுவார்கள்.

பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இரு அணியும் பிணைந்து தோளால் முட்டித் தள்ளும் ஸ்க்ரமுக்கான அழைப்பு “கிரௌச், பைண்ட், செட்” தான். அதை மாற்றிப் பேசக்கூடாது. அந்தச் சொற்களின் இடைவெளியில்தான் கழுத்துகள் பாதுகாப்பாகச் சேர்கின்றன, எல்லா ஊர்ப் பிள்ளைகளும் அதைக் கேட்டே பழகியிருக்கிறார்கள். “செட்”டுக்கு முன் இரு அணியும் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். டேக்கிளில் மட்டும் “விடு”, “உருண்டு போ”, “கை எடு” என்று ஒற்றைச் சொல்லாகத் தமிழில் சொல்வது பலன் தருகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை அணி என்றால் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். அங்கே “ரிலீஸ்”, “ரோல்”, “ஹேண்ட்ஸ் ஆஃப்” பாதுகாப்பு. ஒரு முறை சொல்லுங்கள், கேட்காவிட்டால் ஊதுங்கள். மூன்று முறை கெஞ்சுகிற நடுவரை யாரும் மதிப்பதில்லை. விளக்கம் கேப்டனுக்கு மட்டும். கோட்டோரம் நின்று “என்ன சார் இது?” என்று கேட்கும் பிஇடி சார் உங்களுக்கே பாடம் எடுத்தவராகக்கூட இருக்கலாம். “முடிஞ்சதும் பேசலாம் சார்” என்ற ஒரே பதில் போதும், ஓடிக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

அட்வான்டேஜ், அதாவது குற்றம் நடந்தும் உடனே ஊதாமல் எதிரணிக்குப் பலன் கிடைக்கிறதா என்று அவகாசம் தருவது, அனுபவத்தால் வருவது. ஆனாலும் அடிப்படை இது: பந்து கையிலிருந்து முன்னே விழுந்த குற்றத்துக்குச் சிறிய அவகாசம், பெனால்டிக்கு நீண்ட அவகாசம். ஸ்க்ரம் சரிந்தால், அதில் யாராவது காலூன்ற முடியாமல் தூக்கப்பட்டால், பலத்த காயம் என்று தோன்றினால் அவகாசமே இல்லை, உடனே ஊதுங்கள். 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரமை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளவும் விடாதீர்கள்.

வெயில் காலத்தில் ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிப்பது, மீதியைச் சாயங்காலம் நாலரைக்கு மேல் வைப்பது. போட்டி நடத்துகிறவர்களிடம் நடுவரே இதைக் கேட்டு வாங்க வேண்டும். கடும் வெப்பத்தில் ஒவ்வொரு பாதியிலும் ஒரு தண்ணீர் இடைவேளை தர நடுவருக்கு உரிமை உண்டு. கோடை மழை நேரத்தில் இடி கேட்டால் எல்லோரும் களத்தை விட்டு வெளியே, மரத்தடிக்கு அல்ல, கட்டடத்துக்குள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி.

உயர டேக்கிள், அதாவது தோள்கோட்டுக்கு மேல் பிடிப்பது, கபடிக்காரர்களிடம் குறைவு. அவர்கள் குனிந்தே பழகியவர்கள். ஆனால் குனிந்து வருகிறவனின் தலைதான் எதிராளியின் முழங்காலில் மோதுகிறது. அதனால் இங்கே தலைக்காயம் பிடிக்கிறவனுக்கே வருகிறது. தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பது, கால் தள்ளாடுவது, எந்த ஆட்டம் என்று கேட்டால் விழிப்பது, இதில் ஒன்று போதும், வெளியே அனுப்புங்கள். அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. “நல்லாத்தான் சார் இருக்கேன்” என்பான், பயிற்சியாளரும் ஆமாம் போடுவார். செவன்ஸ் போட்டியில் ஒன்றரை மணி நேரத்தில் அதே அணி மறுபடி இறங்கும், அடுத்த நடுவருக்கு எதுவும் தெரியாது. எனவே கார்டில் ஜெர்சி எண்ணோடு பையனின் பெயரையும் எழுதி, ஆட்டம் முடிந்த கையோடு போட்டி மேசையில் கொடுங்கள், அடுத்து ஊதப்போகிற நடுவரிடமும் வாயால் சொல்லுங்கள். ஜெர்சியை மாற்றிக்கொண்டு இறங்குவது நடக்கிற காரியம். சாயங்காலம் அவனைத் தனியாக அரூர் பஸ்ஸிலோ ஊத்தங்கரை பஸ்ஸிலோ ஏற்றிவிடாமல், கூட ஓர் ஆசிரியர் போகிறாரா, வீட்டுக்குப் போன் போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டு பூட்ஸைக் கழற்றுங்கள்.